சொந்தமாக ஒரு விக்கி: ஹோஸ்டிங் கணக்கில் மீடியாவிக்கி நிறுவும் வழி

ஊர் வரலாறு, கோயில் கல்வெட்டுக் குறிப்புகள், பள்ளி ஆண்டு மலர்கள், ஒரு நாடகக் குழுவின் பழைய படங்கள் என்று பலர் சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக எழுதிச் சேர்க்க வேண்டிய விஷயங்கள் நிறைய உண்டு. வாட்ஸாப் குழுவில் போட்டால் நாலு நாளில் மேலே போய்விடும். முகநூலில் போட்டால் தேடி எடுக்க முடியாது. இந்த மாதிரி வேலைக்கு நான் பரிந்துரைப்பது மீடியாவிக்கி. விக்கிப்பீடியாவை இயக்குகிற மென்பொருள் இதுதான். கட்டணம் கிடையாது. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் இதில்தான் ஓடுகிறது. ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் சேகரித்து வைத்திருக்கும் நூலகம் தளமும் இதன்மேல்தான் நிற்கிறது. தன்னார்வலர்கள் பல ஆண்டுகளாக மொழிபெயர்த்ததால் பொத்தான்கள், பட்டியல்கள், எச்சரிக்கைகள் எனப் பெரும்பகுதி தமிழிலேயே கிடைக்கிறது.

சர்வர் பக்கமே இதுவரை போகாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். கட்டளை வரி எதுவும் தட்டச்சு செய்யத் தேவையில்லை. சிபேனல் (ஹோஸ்டிங் கணக்கை உலாவியிலிருந்தே நிர்வகிக்கும் பலகை) வசதியுள்ள சாதாரண ஷேர்டு ஹோஸ்டிங் கணக்கும் (ஒரே சர்வரைப் பலர் பகிரும் வகை), ஒரு டொமைன் பெயரும், யாரும் தொந்தரவு செய்யாத ஒரு மாலை நேரமும் இருந்தால் போதும். இங்கே பொத்தான்களின் பெயர்களையும் கோப்புகளின் பெயர்களையும் ஒலிப்பில் எழுதுகிறேன். திரையில் அவை ஆங்கில எழுத்தில் இருக்கும்.

தொடங்குமுன் ஒன்றை மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், பாதிக் குழப்பம் அதிலேயே தீரும். இந்த வகை மென்பொருளுக்கு இரண்டு பாதிகள். ஒரு பாதி நிரல் கோப்புகள். அவை சர்வரில் ஒரு கோப்புறையில் இருக்கும். உலகில் எல்லோரிடமும் இருப்பது அதே கோப்புகள்தான், தொலைந்தால் மறுபடி பதிவிறக்கிக்கொள்ளலாம். இன்னொரு பாதி தரவுத்தளம். நீங்கள் எழுதும் ஒவ்வொரு பக்கமும், அதன் ஒவ்வொரு பழைய வடிவமும், யார் எப்போது திருத்தினார் என்ற விவரமும் அங்கேதான் சேமிக்கப்படும். அது தொலைந்தால் பதிவிறக்க இடமில்லை. நிறுவுவது என்றால் இந்த இரண்டையும் தனித்தனியாக அமைத்து, ஒன்றுக்கு மற்றொன்று எங்கே இருக்கிறது என்று சொல்லிக்கொடுப்பது. அவ்வளவுதான்.

இதனால்தான் சிபேனலில் ஒரே சொடுக்கில் நிறுவித் தரும் சாஃப்டாகுலஸ் போன்ற வசதியைப் புதியவர்களுக்கு நான் பரிந்துரைப்பதில்லை. வேலை ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும், உண்மைதான். ஆனால் தரவுத்தளத்துக்கு அதுவே ஒரு பெயர் வைத்து, அதுவே ஒரு கடவுச்சொல் போட்டு முடித்துவிடும். நாளைக்கு ஹோஸ்டிங் மாற்ற வேண்டி வந்தால், உங்கள் எழுத்தெல்லாம் எங்கே இருக்கிறது என்பதே தெரியாமல் நிற்பீர்கள். முதல் தடவையாவது கையால் செய்யுங்கள்.

முதலில் சரிபார்க்க வேண்டியவை

மீடியாவிக்கியின் புதிய பதிப்பு ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும். அவற்றை ஓடிப் பிடிக்கத் தேவையில்லை. நீண்டகால ஆதரவுப் பதிப்பு என்று சில பதிப்புகளுக்கு மட்டும் மூன்று ஆண்டுகள் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். 2024 டிசம்பரில் வந்த 1.43 அப்படிப்பட்டது, 2027 டிசம்பர் வரை ஆதரவு உண்டு. தன்னார்வமாக நடத்தும் தளத்துக்கு இதுதான் சரி.

1.43 ஓட பிஎச்பி (மீடியாவிக்கி எழுதப்பட்டிருக்கும் நிரல்மொழி) 8.1 அல்லது அதற்கு மேற்பட்டது வேண்டும். தரவுத்தள மென்பொருளாக மரியாடிபி 10.3, அல்லது மைஎஸ்க்யூஎல் 5.7, அல்லது இவற்றுக்கு மேல். ஹோஸ்டிங் நிறுவனத்தில் பணம் கட்டுவதற்கு முன்பே இந்த இரண்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கணக்கு ஏற்கெனவே இருந்தால், சிபேனலில் 'செலக்ட் பிஎச்பி வெர்ஷன்' அல்லது 'மல்டிபிஎச்பி மேனேஜர்' என்ற பக்கத்தைத் திறந்து 8.2 அல்லது 8.3ஐத் தேர்ந்தெடுங்கள். பழைய கணக்குகளில் பெரும்பாலும் பழைய பிஎச்பிதான் அமர்ந்திருக்கும்.

செலக்ட் பிஎச்பி வெர்ஷன் பக்கத்திலேயே நீட்சிகளின் (பிஎச்பிக்குக் கூடுதல் திறன் தருபவை) நீண்ட பட்டியல் ஒன்று, டிக் அடிக்கும் கட்டங்களோடு இருக்கும். அதில் எம்பிஸ்ட்ரிங், இன்டெல், ஃபைல்இன்ஃபோ, எக்ஸ்எம்எல்ரீடர், காலண்டர் ஆகியவை டிக் ஆகியிருக்கின்றனவா பாருங்கள். பல ஹோஸ்டிங் கணக்குகளில் இன்டெல் மட்டும் விடுபட்டிருக்கும். அது சிப்பு நிறுவனத்தின் பெயரல்ல. பன்மொழி ஆதரவுக்கான நீட்சி. 'இன்டர்நேஷனலைசேஷன்' என்பதைச் சுருக்கி, ஐ, என், டி, எல் என்று நான்கே எழுத்துகளில் எழுதியிருப்பார்கள்.

தமிழ்த் தளத்துக்கு இந்த நீட்சி ஏன் முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன். 'கொ' என்ற எழுத்தைக் கணினி இரண்டு விதமாகச் சேமிக்க முடியும். க-வுக்கு அடுத்து ஒகரக் குறி என்று ஒரே குறியாக வைக்கலாம். அல்லது க-வுக்கு அடுத்து எகரக் கொம்பு, அதற்கடுத்து கால் என்று இரண்டு குறிகளாக வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் கணினிக்கு அவை வெவ்வேறு சொற்கள். ஒருவர் 'கொற்கை' என்று ஒரு பக்கம் உருவாக்குவார், வேறொரு விசைப்பலகை வைத்திருப்பவர் அதே பெயரைத் தேடுவார், பக்கமே இல்லை என்று வரும். மீடியாவிக்கி தன்னிடம் வரும் எழுத்தையெல்லாம் ஒரே வடிவத்துக்குச் சீராக்கித்தான் சேமிக்கிறது. அந்த வேலைக்கு இன்டெல் தேவை. அது இல்லாவிட்டால் நிறுவியே (மீடியாவிக்கியை அமைத்துத் தரும் நிரல்) மேலே போக விடாது.

இன்னொன்று, எச்டிடிபிஎஸ் என்ற பாதுகாப்பான இணைப்பு. சிபேனலில் அதற்கான எஸ்எஸ்எல் சான்றிதழ் பெரும்பாலும் இலவசமாகவே, தானாகவே வந்துவிடும். முகவரிப் பட்டையில் எச்டிடிபிஎஸ் போட்டு உங்கள் டொமைன் திறக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் நிறுவத் தொடங்குங்கள். நீங்கள் எந்த முகவரியில் நிறுவியைத் திறக்கிறீர்களோ அதையே தளத்தின் முகவரியாக அது எழுதிக்கொள்ளும். பிறகு மாற்றலாம்தான், ஆனால் எதற்கு அந்த வேலை.

தரவுத்தளம் உருவாக்குதல்

சிபேனலில் 'மைஎஸ்க்யூஎல் டேட்டாபேசஸ்' என்ற பக்கத்தைத் திறங்கள். இங்கே செய்ய வேண்டியவை மூன்று.

முதலாவது, தரவுத்தளத்துக்குப் பெயர் கொடுத்து உருவாக்குவது. சின்னதாக, ஆங்கிலச் சிற்றெழுத்தில், 'ஊர்விக்கி' என்பது போல ஒரு பெயர் போதும். நீங்கள் கொடுத்த பெயருக்கு முன்னால் உங்கள் ஹோஸ்டிங் கணக்கின் பெயரும் ஓர் அடிக்கோடும் தானாக ஒட்டிக்கொள்ளும். இனி எங்கே கேட்டாலும் அந்த முன்னொட்டோடு சேர்ந்த முழுப்பெயரைத்தான் தர வேண்டும்.

இரண்டாவது, அதே பக்கத்தில் கொஞ்சம் கீழே, தரவுத்தளப் பயனர் ஒருவரை உருவாக்குவது. இந்தப் பெயருக்கும் அதே முன்னொட்டு வரும். கடவுச்சொல்லை நீங்களே யோசிக்க வேண்டாம். 'பாஸ்வேர்ட் ஜெனரேட்டர்' என்ற பொத்தானை அழுத்தி, வருவதை நகலெடுத்துப் பத்திரமாக வையுங்கள். இதை மனிதர் யாரும் தினமும் தட்டச்சு செய்யப் போவதில்லை, அதனால் எவ்வளவு நீளமாக இருந்தாலும் கவலையில்லை.

மூன்றாவதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். பயனரை உருவாக்கினால் மட்டும் அவருக்கு அந்தத் தரவுத்தளத்தில் உரிமை வந்துவிடாது. பக்கத்தின் கடைசியில் 'ஆட் யூசர் டு டேட்டாபேஸ்' என்று ஒரு பகுதி இருக்கும். அதில் இரண்டு பெயர்களையும் தேர்ந்தெடுத்து அழுத்தினால் உரிமைப் பட்டியல் வரும். மேலே உள்ள 'ஆல் பிரிவிலேஜஸ்' கட்டத்தில் டிக் போட்டுச் சேமியுங்கள்.

இந்த இடத்தில் நின்று ஒரு குறிப்பு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இந்த வேலை முடியும்போது உங்களிடம் மூன்று ஜோடி பெயர்-கடவுச்சொற்கள் இருக்கும். சிபேனலுக்குள் நீங்கள் நுழைவதற்கு ஒன்று. மென்பொருள் தரவுத்தளத்துக்குள் நுழைவதற்கு ஒன்று. அதைத்தான் இப்போது உருவாக்கினீர்கள். விக்கியில் நிர்வாகியாக நீங்கள் எழுதுவதற்கு ஒன்று; அது இனிமேல் வரப்போகிறது. மூன்றும் வேறு வேறு. மூன்றுக்கும் ஒரே கடவுச்சொல் வைப்பது ஆபத்து. ஒன்றைக் கேட்கும் இடத்தில் இன்னொன்றைக் கொடுத்துவிட்டு முழிப்பதுதான் புதியவர்களுக்கு அதிகம் நேர்வது.

கோப்புகளை ஏற்றுதல்

மீடியாவிக்கியின் அதிகாரப்பூர்வத் தளத்தில் 1.43 வரிசையின் கடைசித் திருத்தப் பதிப்பைப் பதிவிறக்குங்கள். வேறு எந்தத் தளத்திலிருந்தும் எடுக்காதீர்கள். சுருக்கப்பட்ட ஒரே கோப்பாக வரும். அதை உங்கள் கணினியில் விரிக்காமல் அப்படியே ஏற்றுங்கள். உள்ளே ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் இருக்கின்றன. விரித்துவிட்டு ஒவ்வொன்றாக எஃப்டிபியில் அனுப்பினால் மணிக்கணக்கில் ஓடும், நடுவே இணையம் அறுந்தால் எது போனது எது போகவில்லை என்று தெரியாது.

சிபேனலின் 'ஃபைல் மேனேஜர்' திறந்து, வலது மேல் மூலையில் உள்ள 'செட்டிங்ஸ்' பகுதியில் மறைந்த கோப்புகளைக் காட்டும் கட்டத்தில் டிக் போடுங்கள். புள்ளியில் தொடங்கும் பெயருள்ள கோப்புகள் அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். பிறகு 'பப்ளிக் எச்டிஎம்எல்' கோப்புறைக்குள் போய் 'அப்லோட்' மூலம் ஏற்றி, ஏறியதும் அதைத் தேர்ந்தெடுத்து 'எக்ஸ்ட்ராக்ட்' அழுத்துங்கள். பதிப்பு எண்ணோடு நீளமான பெயருள்ள ஒரு கோப்புறை உருவாகும். அதன் பெயரை 'டபிள்யூ' என்ற ஒற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தாக மாற்றுங்கள்.

'விக்கி' என்றே பெயர் வைக்கலாமே என்று தோன்றும். வைக்காதீர்கள். பின்னால் வாசகர்கள் பார்க்கும் அழகான முகவரிக்கு அந்தப் பெயர் வேண்டியிருக்கும். கோப்புகள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கும் அதே பெயர் இருந்தால் இரண்டும் மோதும். விக்கிப்பீடியாவிலேயே கோப்புகளுக்கு டபிள்யூ, பக்கங்களுக்கு விக்கி என்றுதான் வைத்திருக்கிறார்கள்.

நிறுவியை ஓட்டுதல்

உலாவியில் உங்கள் டொமைன் முகவரி, சாய்கோடு, டபிள்யூ என்று போட்டுத் திறங்கள். 'லோக்கல்செட்டிங்ஸ் டாட் பிஎச்பி காணவில்லை, முதலில் விக்கியை அமையுங்கள்' என்ற பொருளில் ஒரு பக்கம் வரும். இது பிழையல்ல, கோப்புகள் சரியான இடத்தில் இருக்கின்றன என்பதற்கு இதுவே அடையாளம். அதிலுள்ள இணைப்பை அழுத்தினால் நிறுவி தொடங்கும்.

முதல் கேள்வி மொழி. இரண்டு பெட்டிகள் இருக்கும்: நிறுவி உங்களிடம் பேச வேண்டிய மொழி ஒன்று, விக்கியின் மொழி மற்றொன்று. முதலாவது எதுவானாலும் பரவாயில்லை. இரண்டாவது கட்டாயம் தமிழாக இருக்கட்டும். பகுப்பு, வார்ப்புரு, படிமம், பயனர், பேச்சு என்ற பெயர்வெளிகள் (தலைப்புக்கு முன்னால் வந்து பக்கத்தின் வகையைக் காட்டும் பெயர்கள்) அந்தத் தேர்வால்தான் தமிழில் அமைகின்றன. பாதி வழியில் மாற்றினால், ஏற்கெனவே எழுதிய பக்கங்களில் பழைய பெயர்களும் புதிய பெயர்களும் கலந்து கிடக்கும்.

அடுத்து வருவது சர்வர் சோதனை. கடைசியில் பச்சை நிறத்தில், நிறுவலாம் என்று வந்தால் போதும். நடுவில் மஞ்சள் நிற எச்சரிக்கைகள் சில வரும்; படம் சிறிதாக்கும் மென்பொருள் இல்லை, தற்காலிக நினைவக வசதி இல்லை என்பது போல. சிறு தளத்துக்கு அவற்றால் தொல்லையில்லை. சிவப்பில் ஏதாவது வந்தால் மட்டும் பிஎச்பி பக்கத்துக்குத் திரும்பிப் போய்ச் சரிசெய்யுங்கள்.

பிறகு தரவுத்தளப் பக்கம். வகை மரியாடிபி அல்லது மைஎஸ்க்யூஎல். தரவுத்தளம் இருக்கும் இடம் என்பதற்கு 'லோக்கல்ஹோஸ்ட்'. ஷேர்டு ஹோஸ்டிங்கில் பெரும்பாலும் அதுதான். பெயர், பயனர் இரண்டையும் முன்னொட்டோடும், கடவுச்சொல்லை அப்படியேயும் நகலெடுத்து ஒட்டுங்கள். அட்டவணை முன்னொட்டு என்ற பெட்டியைக் காலியாக விட்டுவிடலாம். ஒரே தரவுத்தளத்தை இன்னொரு மென்பொருளோடு பகிர வேண்டிய நிலை இருந்தால் மட்டும் அதில் இரண்டெழுத்துப் போடுங்கள்.

தொடரவும் என்று அழுத்தியதும் பிழை வந்தால் பதறாமல் அந்த ஆங்கில வரியைக் கடைசி வரை படியுங்கள். அது தெளிவாகவே சொல்கிறது. 'ஆக்சஸ் டினைட் ஃபார் யூசர்' என்று தொடங்கி 'யூசிங் பாஸ்வேர்ட்: யெஸ்' என்று முடிந்தால், கடவுச்சொல் போய்ச் சேர்ந்தது, ஆனால் அதுவோ பயனர் பெயரோ தவறு. நகலெடுக்கும்போது கடைசியில் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம். அதே வரி 'நோ' என்று முடிந்தால் கடவுச்சொல் பெட்டி காலியாக இருந்திருக்கிறது. 'டு டேட்டாபேஸ்' என்று ஒரு தரவுத்தளத்தின் பெயரோடு முடிந்தால், பயனரும் கடவுச்சொல்லும் சரி. தரவுத்தளத்தின் பெயரை முன்னொட்டு இல்லாமல் எழுதியிருக்கிறீர்கள், அல்லது நான் மேலே சொன்ன மூன்றாவது வேலையைச் செய்யவில்லை. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் இதற்காக யாரையும் தொலைபேசியில் கூப்பிட வேண்டியதில்லை.

அடுத்த பக்கத்தில் விக்கியின் பெயரும் நிர்வாகி கணக்கும். விக்கியின் பெயர் தமிழில் இருக்கலாம். அதே பெயர்தான் திட்டப் பெயர்வெளிக்கும் வரும், அதனால் நிதானமாக யோசித்து வையுங்கள். நிர்வாகிக்கு 'அட்மின்' என்று பெயர் வைக்காதீர்கள். கடவுச்சொல்லை ஊகித்து உள்ளே நுழையப் பார்க்கும் தானியங்கி நிரல்கள் முதலில் முயல்வது அந்தப் பெயரைத்தான். நிர்வாகியின் கடவுச்சொல் நீளமாக, வேறெங்கும் பயன்படுத்தாததாக இருக்க வேண்டும்.

இந்தப் பக்கத்தின் முடிவில், மேலும் கேள்விகள் கேள் என்பதா, இதுவே போதும் நிறுவிவிடு என்பதா என்று நிறுவி கேட்கும். மேலும் கேள்விகளைத் தேர்ந்தெடுங்கள். அங்கேதான் முக்கியமான முடிவுகள் இருக்கின்றன.

முதலாவது யார் எழுதலாம் என்பது. நான்கு வகை உண்டு: யாரும் திருத்தலாம், கணக்குத் தொடங்கியவர் திருத்தலாம், நீங்கள் கணக்குக் கொடுத்தவர் மட்டுமே திருத்தலாம் (படிப்பது எல்லோருக்கும் பொது), படிப்பதற்கும் கணக்கு வேண்டும். ஊர் விக்கிக்கு மூன்றாவதைத் தேர்ந்தெடுங்கள். விக்கி என்றாலே எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டாமா என்று நல்ல மனத்தோடு கேட்பவர்கள் உண்டு. விக்கிப்பீடியாவில் இரவு பகலாகக் கண்காணிக்க ஆட்கள் இருக்கிறார்கள். உங்கள் விக்கியில் நீங்களும் இரண்டு நண்பர்களும்தான். திறந்து வைத்தால் கொஞ்ச நாளிலேயே மருந்து விளம்பரமும் சூதாட்ட இணைப்புமாகப் பக்கங்கள் முளைக்கும், எழுதுவதற்குப் பதில் அழித்துக்கொண்டிருப்பீர்கள். நான்காவது வகையைத் தேர்ந்தெடுப்பவர்கள் கவனிக்க: பக்கங்கள் மறைந்திருந்தாலும், ஏற்றிய படங்களின் நேரடி முகவரி தெரிந்தவர் அவற்றைப் பார்க்க முடியும். குடும்ப ஆவணங்களின் ஸ்கேன் படங்களை இதை நம்பி ஏற்றாதீர்கள்.

உரிமம் என்ற இடத்தில் கிரியேட்டிவ் காமன்ஸ் வகைகளில் 'ஆட்ரிப்யூஷன்-ஷேர்அலைக்' (பெயர் குறிப்பிட்டு, அதே உரிமத்தில் பகிர்வது) என்பதைத் தேர்ந்தெடுத்தால், விக்கிப்பீடியாவோடு எழுத்தைப் பகிர்வது எளிதாகும். எழுதப்போகும் நண்பர்களிடம் இதைச் சொல்லிவிட்டுத் தேர்ந்தெடுப்பது மரியாதை. நீட்டிப்புகளில் (மீடியாவிக்கிக்குக் கூடுதல் வசதி சேர்ப்பவை) விசுவல் எடிட்டர், சைட் (மேற்கோள் குறிப்புகளுக்கானது), பார்சர் ஃபங்ஷன்ஸ், கன்ஃபர்ம் எடிட் நான்குக்கும் டிக் போடுங்கள். விசுவல் எடிட்டர் இருந்தால் குறியீடு எதுவும் தெரியாத பெரியவர்களும் வேர்டில் எழுதுவது போல எழுதலாம். கோப்பு ஏற்றும் வசதியையும் இயக்குங்கள், படமில்லாத ஊர் வரலாறு யாருக்கு வேண்டும்.

இனி நிறுவு என்பதை அழுத்தினால் அட்டவணைகள் ஒவ்வொன்றாக உருவாகும். முடிந்ததும் லோக்கல்செட்டிங்ஸ் டாட் பிஎச்பி என்ற கோப்பு உங்கள் கணினிக்கு இறங்கும். நிரலுக்குத் தரவுத்தளம் எங்கே இருக்கிறது என்று சொல்லிக்கொடுக்கும் கோப்பு இதுதான். இதை ஃபைல் மேனேஜரில் டபிள்யூ கோப்புறைக்குள், 'இன்டெக்ஸ் டாட் பிஎச்பி' இருக்கும் அதே இடத்தில் ஏற்றுங்கள். பதிவிறக்கும்போது அடைப்புக்குறிக்குள் 1 என்று பெயரில் சேர்ந்திருந்தால் அதை நீக்குங்கள். இப்போது தளத்தைத் திறந்தால் முதற் பக்கம் தமிழில் வரும்.

லோக்கல்செட்டிங்ஸில் செய்ய வேண்டிய திருத்தங்கள்

இந்தக் கோப்பில் தரவுத்தளத்தின் கடவுச்சொல் அப்படியே எழுதப்பட்டிருக்கிறது. அதனால் ஃபைல் மேனேஜரில் இதன் அனுமதியை 600 என்று மாற்றுங்கள்; தளம் திறக்காமல் போனால் 640. உதவி கேட்டு எங்கேயாவது இந்தக் கோப்பை ஒட்டுவதாக இருந்தால் கடவுச்சொல், சீக்ரெட் கீ, அப்கிரேட் கீ மூன்றையும் நீக்கிவிட்டு ஒட்டுங்கள்.

திருத்துவதற்கு ஃபைல் மேனேஜரில் உள்ள 'எடிட்' போதும். பழைய விண்டோஸ் நோட்பேடில் திறந்து சேமித்தால் கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி சேர்ந்துகொள்ளும். அப்புறம் தளம் விநோதமாக நடந்துகொள்ளும், காரணமும் பிடிபடாது.

நேரம் இயல்பாக உலகப் பொது நேரத்தில் இருக்கும். 'லோக்கல்டைம்சோன்' என்ற வரியைத் தேடி, யூடிசி என்றிருப்பதை ஆசியா, சாய்கோடு, கொல்கத்தா என்று மாற்றுங்கள். இலங்கையில் இருப்பவர்கள் கொழும்பு என்று. நகரப் பெயர்கள் ஆங்கிலத்தில், முதல் எழுத்துப் பெரிதாக.

அடுத்தது அழகான முகவரி. இப்போது உங்கள் பக்கங்களின் முகவரியில் இன்டெக்ஸ் டாட் பிஎச்பி என்றெல்லாம் வரும். அதை, டொமைன், சாய்கோடு, விக்கி, சாய்கோடு, தலைப்பு என்று சுருக்கலாம். அதற்கு லோக்கல்செட்டிங்ஸில் 'ஆர்ட்டிகிள்பாத்' என்று ஒரு வரி, பப்ளிக் எச்டிஎம்எல் கோப்புறையில் உள்ள எச்டிஅக்சஸ் (சர்வருக்கு விதிகள் சொல்லும், புள்ளியில் தொடங்கும் பெயருள்ள) கோப்பில் ஒன்றிரண்டு வரி. மீடியாவிக்கி கையேட்டில் 'ஷார்ட் யூஆர்எல்' என்ற பக்கத்தில் அப்பாச்சி சர்வருக்கான வரிகள் அப்படியே இருக்கின்றன. நகலெடுத்து ஒட்டினால் போதும். தமிழ்த் தளத்துக்கு இது வெறும் அழகு சம்பந்தப்பட்டதல்ல. முகவரியை நகலெடுக்கும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியும் ஒன்பது எழுத்துகளாக விரியும். 'தமிழ்' என்ற சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறிகள். நகலெடுத்தால் 45 எழுத்துகள். ஏற்கெனவே இவ்வளவு நீளும் முகவரிக்கு முன்னால் வேறு சுமை எதற்கு?

தலைப்பிலும் இதே கணக்கு ஒன்று உண்டு. மீடியாவிக்கியில் ஒரு தலைப்பு 255 பைட்டுக்குள் இருக்க வேண்டும். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். ஆக உயிர்மெய்க் குறிகள், புள்ளிகள் எல்லாம் சேர்த்து 85 குறிகளுக்குள் தலைப்பு முடிய வேண்டும். முழு வாக்கியத்தையே தலைப்பாக வைக்கும் பழக்கமுள்ளவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

பின்னாளில் கணக்குத் தொடங்குவதைப் பொதுவில் திறந்துவிட விரும்பினால், கன்ஃபர்ம் எடிட்டோடு வரும் 'க்வெஸ்டி கேப்ட்சா' என்பதை இயக்குங்கள். நீங்களே எழுதிய கேள்வியை அது கேட்கும். தமிழில் கேளுங்கள்: திருக்குறளில் எத்தனை அதிகாரங்கள், உங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் தெரு எது என்பது போல. பொதுவான குறியீட்டுப் படங்களைத் தாண்டிவிடும் தானியங்கிகள்கூட உள்ளூர்க் கேள்வியில் பெரும்பாலும் நின்றுவிடும். உங்கள் வாசகருக்கோ அது ஒரு நொடி வேலை.

தளம் வெள்ளைத் திரையாகவோ 500 பிழையாகவோ வந்தால், டபிள்யூ கோப்புறைக்குள் 'எரர் லாக்' என்ற கோப்பு உருவாகியிருக்கிறதா பாருங்கள். கடைசி வரியில் எந்தக் கோப்பில் எத்தனையாவது வரியில் சிக்கல் என்று இருக்கும். லோக்கல்செட்டிங்ஸைத் திருத்திய கையோடு இப்படி வந்தால் பெரும்பாலும் ஓர் அரைப்புள்ளியோ மேற்கோள் குறியோ விடுபட்டிருக்கும்.

காப்புநகல்

முதல் பக்கம் எழுதிய அன்றே இதைச் செய்து பழகுங்கள். எடுக்க வேண்டியவை மூன்று: தரவுத்தளம், டபிள்யூவுக்குள் இருக்கும் 'இமேஜஸ்' கோப்புறை, லோக்கல்செட்டிங்ஸ் கோப்பு. மற்ற ஆயிரக்கணக்கான கோப்புகளும் பதிவிறக்கினால் திரும்ப வந்துவிடும். தனியாக நீட்டிப்பு எதுவும் சேர்த்திருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தரவுத்தளத்துக்கு சிபேனலில் 'பிஎச்பிமைஅட்மின்' திறந்து, இடது பக்கத்தில் உங்கள் தரவுத்தளத்தைத் தேர்ந்தெடுத்து, மேலே 'எக்ஸ்போர்ட்' அழுத்துங்கள். அதற்கு முன் ஆர்வத்தில் அட்டவணைகளைத் திறந்து பார்ப்பீர்கள். எழுதிய தமிழ் எங்குமே காணோம், 'ப்ளாப்' என்றும் எண்ணும் எழுத்துமாகவும்தான் கிடக்கிறது என்று பயந்துவிடாதீர்கள். மீடியாவிக்கி எழுத்தை எழுத்தாக அல்லாமல் வெறும் பைட்டுகளாகத்தான் தரவுத்தளத்தில் வைக்கிறது. தரவுத்தளம் தன் இஷ்டத்துக்கு எழுத்துக் குறியாக்கத்தை மாற்றி தமிழைக் கேள்விக்குறிகளாக்கிவிடும் பழைய தொல்லை இதனால் இங்கே இல்லை. ஆனால் ஏற்றுமதி செய்யும்போது 'கஸ்டம்' முறையைத் தேர்ந்தெடுத்து, பைனரி நெடுவரிசைகளைப் பதினறும எண் வடிவில் எழுது என்ற கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இயல்பாகவே இருக்கும், எடுத்துவிடாதீர்கள். சுருக்க முறையாக ஜிசிப் தேர்ந்தெடுத்தால் கோப்பு சிறிதாகும்.

எடுத்த நகலை அதே சர்வரில் விட்டுவைத்தால் பயனில்லை. உங்கள் கணினியில் ஒன்று, இன்னொருவரிடம் ஒன்று. அத்தோடு, ஒருமுறையாவது சிபேனலில் வேறொரு காலித் தரவுத்தளம் உருவாக்கி அதில் இந்த நகலை 'இம்போர்ட்' செய்து, அட்டவணைகள் எல்லாம் வருகின்றனவா என்று பாருங்கள். திரும்ப ஏற்றிப் பார்க்காத நகலை நம்பி இருக்க முடியாது.

பதிப்பு மாற்றும்போது

1.43க்குள்ளேயே சிறு திருத்தங்கள் அவ்வப்போது வரும். பாதுகாப்புத் திருத்தம் என்றால் தள்ளிப்போடாமல் செய்யுங்கள். புதிய கோப்புகளைப் பழைய கோப்புறையின் மேலேயே விரிக்காதீர்கள்; நீக்கப்பட்ட பழைய கோப்புகள் உள்ளேயே தங்கிக் குழப்பும். புதியதைத் தனிக் கோப்புறையில் விரித்து, லோக்கல்செட்டிங்ஸையும் இமேஜஸ் கோப்புறையையும் தனியாகச் சேர்த்த நீட்டிப்புகளையும் அதில் நகலெடுங்கள். தரவுத்தளத்துக்குக் காப்புநகல் எடுங்கள். பிறகு பழைய டபிள்யூவுக்கு 'டபிள்யூ-பழையது' என்பது போல ஆங்கிலத்தில் ஒரு பெயர் கொடுத்துவிட்டு, புதிய கோப்புறைக்கு டபிள்யூ என்று பெயரிடுங்கள்.

இப்போது டபிள்யூவுக்குள் 'எம்டபிள்யூ-கான்ஃபிக்' என்ற முகவரியைத் திறந்தால் நிறுவி மறுபடி வரும். இம்முறை அது அப்கிரேட் கீ கேட்கும். லோக்கல்செட்டிங்ஸில் அந்தப் பெயரிலேயே ஒரு வரி இருக்கிறது, அதிலுள்ளதை ஒட்டுங்கள். அட்டவணைகளைப் புதிய பதிப்புக்கு ஏற்ப அது மாற்றி முடித்ததும் 'சிறப்பு' பக்கங்களில் உள்ள பதிப்புப் பக்கத்தைத் திறந்து புதிய எண் வருகிறதா, நீட்டிப்புகள் எல்லாம் பட்டியலில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு பக்கத்தைத் திருத்திச் சேமித்துப் பாருங்கள், ஒரு படம் ஏற்றிப் பாருங்கள். ஏதாவது சரியில்லை என்றால் கோப்புறைப் பெயரை மட்டும் திருப்பி மாற்றினால் போதாது. அட்டவணைகளும் மாறிவிட்டன என்பதால் தரவுத்தளத்தையும் காப்புநகலிலிருந்து திரும்ப ஏற்ற வேண்டும். எல்லாம் சரியாக ஓடுகிறது என்று ஒரு வாரம் பார்த்த பிறகு பழைய கோப்புறையை நீக்கிவிடுங்கள். பழைய பதிப்பு சர்வரில் கிடந்தால் அதுவும் ஒரு திறந்த வாசல்தான்.